எந்திரத்துக்குச் சாதி இல்லையா?

எந்திரம் வந்தால் சாதி தானே போய்விடும் என்று கூட்டங்களில் தோழர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். பேசுகிறவர்களில் பலர் எந்திரத்துக்கு அடியில் படுத்தவர்களில்லை. நான் படுத்தவன். ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் பதினேழு வருஷம் மெக்கானிக். ஜபல்பூரில் ஜெர்மன் எம்.ஏ.என். உரிமத்தில் செய்த சக்திமான் லாரிதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

அங்கே எல்லார் கையும் கருப்பு. ஹப்பைக் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைக்கிறவன் ஜாட்டா, நாயரா, சேரிக்காரனா என்று கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. டிஃபரன்ஷியல் பிளக்கைத் திறந்தால் பழைய ஆயிலின் கந்தக நாத்தம் குடலைப் புரட்டும். அதை எவனும் தீட்டுன்னு சொல்லமாட்டான். டீசல்ல அலசி, மரத்தூள் போட்டுத் தேய்ச்சா போச்சு. அந்த அழுக்கில் ஒரு பெருமைகூட உண்டு.

ஆனால் அந்தச் சமத்துவத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1892இல் 'போர்க்குடி அல்ல' என்று மகர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளைக்காரன் நிறுத்தினான். அம்பேத்கரின் அப்பா அதே படையில் சுபேதார். 1917இல் போருக்கு ஆள் வேணும்னு எடுத்தான், 1921இல் கலைத்தான், 1941இல் மறுபடி எடுத்தான். இ.எம்.இ.யும் அந்தப் போரில், 1943இல் பிறந்ததுதான். கை தேவைப்படும்போது கைக்குச் சாதி கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு லாரி ஷெட்டில் வேலை. ஒருநாள் கழிவுநீர் லாரி ஒன்று கிளட்ச் பிளேட் போய் வந்தது. அதே லேலண்ட் சேசிஸ், பக்கத்தில் நின்ற சிமெண்ட் லாரிக்கு இருக்கிற அதே கியர்பாக்ஸ். தொட்டியைக் கழுவித்தான் கொண்டு வந்திருந்தார்கள். பையன்கள் கிட்டே போகவில்லை. முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார்: "அண்ணன் பாத்துக்குவாரு, விடுங்கடா." என் சாதியை நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

ஆக, எந்திரத்துக்குச் சாதி இல்லை என்பது பொய். இரும்புக்கு இல்லை, அது யாருக்காக ஓடுகிறது என்பதில் இருக்கிறது. சாதி வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையும் பிரிப்பது என்று 1936லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். நாம்தான் எந்திரத்தைப் பார்த்து மறந்துவிட்டோம்.

'தொடமாட்டேன்'னு நான் சொல்லியிருக்கலாம். சுயமரியாதைக்கு அதுதான் சரி என்று சில தோழர்கள் சொல்வார்கள். ஆனால் அந்த லாரி ஷெட்டில் நின்றால், எங்கோ ஒரு மூடியைத் திறந்து நம்ம பையன் ஒருத்தனை இறக்குவார்கள். பாதுகாப்பில்லாமல் இறக்குவது குற்றம் என்று 2013இல் சட்டம் வந்தது; வந்த பிறகும் குழிக்குள் செத்தவர்களை நாம் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். என் மரியாதைக்காக அவன் மூச்சை வைத்துச் சூதாட முடியுமா? செய்தாலோ, "அது அண்ணன் வண்டி" என்பது நிலைத்துவிடும்.

கிளட்சை மாற்ற கியர்பாக்ஸை இறக்கணும். அது ஒத்தை ஆள் வேலை இல்லை. "ரெண்டு பேர் வேணும், யாருன்னு நான் சொல்றேன்" என்றேன் முதலாளியிடம். முதலில் ஒதுங்கி நின்ற ரெண்டு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.