எறும்புக்கும் சாதியா?

"எறும்பிலேகூடச் சாதி உண்டாமே, ஐயா! அப்படியிருக்க, மனிதனிடம் இருந்தால் என்ன தவறு?"

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். அந்தக் குரலில் குறும்பு இல்லை, குழப்பம் இருந்தது. ஆள ஓர் அரசி, உழைக்க ஒரு கூட்டம், காவலுக்கு ஒரு கூட்டம், இயற்கையே வகுத்த வருணம் இது என்று வீட்டுப் பெரியவர் யாரோ சொல்லியிருக்கிறார். கேட்டவனுக்கு அருகே அமர்ந்திருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். "எறும்பு வேறு, மனிதன் வேறு" என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். விடையல்ல அது, நழுவல்! குனிந்த அந்தத் தலைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எறும்புக் கூட்டின் பிரிவுகளுக்கு ஆங்கில அறிவியல் ஏடுகள் 'காஸ்ட்' என்று பெயரிடுகின்றன. நம் நாட்டுச் சாதியைக் குறிக்கப் போர்ச்சுகீசியர் வழங்கிய சொல்லின் வழிவந்தது அது. மனிதனிடம் கண்ட பிரிவின் பெயரை எறும்புக்குச் சூட்டினார்கள். இப்போது எறும்பைக் காட்டி, 'பார், இயற்கையிலேயே இருக்கிறது' என்கிறார்கள்! தன் வீட்டுப் பொருளை அயலான் வீட்டில் வைத்துவிட்டு, அதையே சான்றாகக் காட்டும் வழக்காடியின் திறமை இது!

சொல் கிடக்கட்டும், கூட்டைத் திறந்து பார்ப்போம். அப்படிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் கெண்ட் பகுதியில், டார்வினுக்கு அண்டையில் வாழ்ந்த சர் ஜான் லப்பக். தொழிலால் வங்கியாளர், பாராளுமன்ற உறுப்பினர், வேட்கையால் எறும்பு வளர்ப்பவர். கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஈரமண் பரப்பி, ஒளி புகாமல் மூடி, வீட்டிலேயே கூடுகளை வைத்திருந்தார். 1874இல் அவரிடம் வந்த அரசி எறும்பு ஒன்று 1888 வரை உயிரோடிருந்தது. கண்டவற்றை எல்லாம் 1882இல் நூலாக்கினார்.

அந்தக் குளிர்நாட்டுக் கூட்டில் ஒவ்வொரு பருவமும் ஒரு பாடம். அக்டோபரில் இடப்பட்ட செடிப்பேன் முட்டைகளை எறும்புகள் பனிக்காலம் முழுதும் கூட்டுக்குள் காத்து, மார்ச்சில் வெளிவந்த குஞ்சுகளைச் சுமந்துசென்று இளந்தளிரில் விட்டதை லப்பக் கண்டார். அவை சுரக்கும் இன்னீருக்காகவே அத்தனை பராமரிப்பு! குளிர் மிகுந்தால் எறும்புகள் ஒன்றையொன்று ஒட்டி ஒடுங்குகின்றன, உண்பது குறைகிறது, அரசி முட்டையிடுவதும் நிற்கிறது. இன்றும் அந்நாடுகளில் எறும்பு வளர்ப்போர் கூட்டைச் சில திங்கள் குளிரான இடத்தில் வைக்கிறார்கள். ஓய்வின்றி வெப்பத்திலேயே வைத்த கூடு நலிந்துபோகிறது. ஓயாத உழைப்புக்கு உவமையாக நாம் காட்டும் எறும்புக்கும் ஓய்வு தேவைப்படுகிறது!

சரி, அரசி ஆள்கிறாளா? இல்லை. ஆணையிடுவதுமில்லை, வரி வாங்குவதுமில்லை. கோடையில் பறந்து, கூடி, சிறகை உதிர்த்து, மண்ணைக் குடைந்து, பல இனங்களில் தன் உடலின் சேமிப்பையே கரைத்து முதற்குஞ்சுகளை வளர்க்கிறாள், அதன்பின் முட்டையிடுகிறாள். 'அரசி' என்ற பட்டம் நாம் சூட்டியது. உழைப்பாளி எறும்போ? அரசியின் மகள்! பல இனங்களில், ஒரே வகை முட்டையிலிருந்து வரும் புழு அரசியாவதும் உழைப்பாளியாவதும் பெரிதும் ஊட்டத்தாலும் வளர்ப்பாலும் அமைகிறது. வேலைப் பிரிவும் பெரும்பாலும் அகவையை ஒட்டியது: இளையவை உள்ளே குஞ்சு பேணும், மூத்தவை வெளியே இரை தேடும். தந்தை தொழிலை மகன் தலையில் கட்டும் முறை எங்கே இருக்கிறது இங்கே? தாய் ஒருத்தி, பிறப்பு ஒன்று. தொட்டால் தீட்டு என்பதும் இல்லை. ஒன்றுக்கொன்று வாயோடு வாய் வைத்து ஊட்டிக்கொள்ளும் கூட்டம் அது!

'வென்றோம்' என்று இங்கே நிறுத்திவிடலாம். நிறுத்தினால் நேர்மையாகாது. ஏனெனில் எறும்புகளிலே அடிமை பிடிக்கும் இனமும் உண்டு. அயற்கூட்டின் கூட்டுப்புழுக்களைக் கவர்ந்துவந்து, பிறக்கும் எறும்புகளைத் தமக்கு ஊழியம் செய்யவைக்கும் இனம். அவற்றுள் ஒன்றைப் பியர் ஹூபர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் சோதித்தார். முப்பது 'எசமானர்'களைத் தேனோடு அடைத்துவைத்தார்; ஊழியர் இல்லை. இரண்டு நாளுக்குள் பாதிக்கு மேல் செத்தன, உணவு கண்ணெதிரே இருந்தும்! ஒரே ஓர் ஊழிய எறும்பை உள்ளே விட்டார், எஞ்சியவை பிழைத்தன. பிறரை உழைக்கவைத்தே வாழ்பவன் இறுதியில் தன் வாயை நிரப்பவும் திறனற்றுப் போகிறான்!

ஆயினும் பெரியவர் கேட்பார்: 'அடிமைத்தனமும் இயற்கைதானே?' ஆம், அவ்வெறும்புக்கு. அதனால் அது அறமாகிவிடுமா? காய்ச்சலும் இயற்கை, மருந்து கொடுக்காமல் இருக்கிறோமா? வெள்ளமும் இயற்கை, கரை கட்டாமல் இருக்கிறோமா? எறும்பு தன் வழக்கத்தை எதிர்த்து 'ஏன்?' என்று கேட்க இயலாது. மனிதனால் இயலும். கேட்க இயன்றவன் கேளாதிருப்பதே குற்றம்.

லப்பக் கேட்டார். எறும்பின் சுறுசுறுப்பை அவர் வியந்தவர்தாம். ஆயினும், 'எறும்பைப் பார், ஓயாது உழை' என்று கடைப் பையன்களுக்கு உபதேசிக்கவில்லை. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கடைகளில் வேலை செய்யும் இளையோருக்கு வாரம் 74 மணிக்கு மேல் வேலை கூடாது என்ற 1886ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகவும் பாடுபட்டார். 74 மணியே சலுகை என்றால், அதற்கு முன்பிருந்த கொடுமையை எண்ணிப் பாருங்கள்! எறும்பை அவர் உற்றுநோக்கினார். மனிதனுக்குரிய சட்டத்தை மனிதனின் துன்பத்திலிருந்து கற்றார்.

தம்பி, இதுதான் உனக்கு என் விடை. எறும்பிடம் சாதி இல்லை. இருந்திருந்தாலும், அது நமக்குச் சட்டமாகாது. நாளை வகுப்பில் இதைச் சொல்வேன், உன்னைப் பார்த்தும், உன் அருகே இருப்பவனைப் பார்த்தும். அவன் தலை நிமிரட்டும்!