தராசில் ஏறாத அன்பு

காஞ்சிபுரத்தின் பட்டு நெசவுப் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் உழைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் தராசு நிற்கிறது. பட்டு நூலும் சரிகையும் எடைபோட்டு நெசவாளரிடம் தரப்படுகின்றன. நெய்து முடிந்த சேலை மீண்டும் எடைக்கு வருகிறது. பிறகு கூலி கணக்கிடப்பட்டு, வாங்கிய முன்பணம் கழிக்கப்படுகிறது. விலையுயர்ந்த பொருள் பல கைகள் மாறும் தொழிலில் இந்த ஒழுங்கு தேவையானது. கணக்கு நேராக இருக்கும்வரை அது இரு தரப்புக்கும் காவல். ஆனால் நாள் முழுதும் கணக்கில் பழகிய மனம் அதே தராசை வீட்டுக்கும் வழிபாட்டுக்கும் எடுத்துச் செல்லும்போது, தான் நேசிக்கப்படத் தகுதி உள்ளவர்தானா என்ற கேள்வி மனிதரை உள்ளிருந்து அரிக்கத் தொடங்குகிறது.

பெறுபவரின் தகுதியையோ அவர் திருப்பித் தரக்கூடியதையோ பார்க்காமல் முன்வந்து நிற்பதையே கிறிஸ்தவம் நிபந்தனையற்ற அன்பு என்கிறது. இயேசு அதற்கு வரையறை சொல்லவில்லை, கதை சொன்னார். லூக்கா நற்செய்தியின் ஊதாரி மைந்தன், தன் பங்குச் சொத்தை அழித்தபின், கூலியாளாகவாவது சேர்த்துக்கொள்ளும்படி கேட்பதற்கு வார்த்தைகளை ஆயத்தம் செய்துகொண்டு வருகிறான். அந்தக் கூலிப் பேச்சு வாயில் வருமுன்பே தகப்பன் புத்தாடையும் விருந்தும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கணக்குக் கேட்பவன், வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்த மகன். அவன் கணக்கில் பிழையில்லை என்பதே அக்கதையின் ஆழம்.

இந்தக் கருத்து காஞ்சிக்கு அயலானது அன்று. வைணவ மரபில் 'நிர்ஹேதுக கிருபை', அதாவது காரணமின்றிச் சுரக்கும் அருள், நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. காஞ்சியின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரின் வழியினர், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டிபோல் உயிரின் பங்கும் சிறிது வேண்டும் என்றனர்; வைணவத்தின் மற்றொரு பிரிவினரான தென்கலையார், தாய்ப்பூனை தானே கவ்விச் செல்லும் குட்டியை உவமையாக்கினர். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, ஆங்கில எழுத்தாளர் பனியனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை 1894-இல் வெளியிட்டபோது, அருளைப் பாடத் தேவையான தமிழ் அவருக்கு முன்பே கனிந்திருந்தது.

போதனையால் ஆகாத ஒன்று கதையால் ஆவது ஏன்? நிபந்தனையின்றி நேசிக்கப்படுகிறாய் என்று ஒருவரிடம் சொன்னால், அதற்கு உரியவராக நடந்துகொள்ள வேண்டும் என்ற புதிய கடன் அவர் மனத்தில் ஏறிவிடுகிறது. கதை எதையும் கோராமல், வேறொருவருக்கு நிகழ்வதைக் காட்டுவதால், மனம் தற்காத்துக்கொள்ளும் முன்பே அன்பு உள்ளே புகுந்துவிடுகிறது. சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கிய விக்தோர் ஹ்யூகோவின் நாவலில், வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிப் பிடிபட்டவனிடம் ஆயர், அவை தாம் கொடுத்தவையே என்று கூறி, விளக்குத் தண்டுகளையும் சேர்த்துத் தருகிறார். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பிலுள்ள 'சோற்றுக்கணக்கு' இதையே வேறு தளத்தில் காட்டுகிறது. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் விலை கேட்பதில்லை. விரும்பியதைப் பெட்டியில் போடலாம். பணமின்றிப் பல காலம் உண்ட ஏழை மாணவன், வேலை கிடைத்தபின் பெருந்தொகையைப் பெட்டியில் நிரப்பும்போது, சாகிப் அதைக் கவனிக்காமல் வழக்கம்போலவே பரிமாறுகிறார். கடன் தீர்ந்ததாக நினைத்தவனுக்கு, அங்கே கடனே இருந்ததில்லை என்பது புரிகிறது. அந்த இஸ்லாமியரிடம் கிறிஸ்துவின் சாயலைக் காணும் வாசகர் அவரைத் தம் சமயத்துக்கு உரிமையாக்க வேண்டியதில்லை. தாம் நம்பும் அன்பு தம் வேலிக்கு வெளியிலும் வாழ்கிறது என்று நன்றியோடு அறிந்தால் போதும்.

இசை இந்த அன்பை வடிவத்தாலேயே சொல்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கர்நாடக இசை மரபில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றினர். கீர்த்தனையில் பல்லவி என்பது தொடக்க அடி. சரணங்கள் அதன்பின் விரிபவை. சரணம் எவ்வளவு துயரத்துக்கும் குற்றவுணர்வுக்கும் இறங்கினாலும், அது முடிந்ததும் பல்லவி மாறாமல் வந்து ஏற்றுக்கொள்கிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் மத்தேயு பாடுகள் இசையிலும், சீடர் பேதுரு இயேசுவை மறுதலித்து அழுத பின் வயலினோடு எழும் இரக்கப் பாடல் குற்றத்தை விசாரிப்பதில்லை, அழுகையோடு உடனிருக்கிறது.

இத்தகைய அன்பு நீதியைத் தளர்த்திவிடாதா என்ற ஐயம் நியாயமானதே. மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உரிமையாளர் கடைசி மணியில் வந்தவருக்கும் முழுநாள் கூலி கொடுத்தார். எனினும் காலையில் வந்தவருக்குப் பேசிய கூலியில் குறைக்கவில்லை. ஆகவே அன்பின் பெயரால் நெசவாளரின் கூலியைக் குறைப்பதற்கு அந்த உவமையில் இடமில்லை. கொடுக்க வேண்டியதை முழுமையாகக் கொடுத்த பிறகே அன்பு அதற்கு மேலும் கை நீட்டுகிறது.

தறியிலிருந்து எழுந்து வருபவரிடம், எவ்வளவு நெய்தாய் என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேட்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் இருக்கிறது. கதையும் பாட்டும் நினைவூட்டும் அன்பு அந்த முதல் கேள்வியில் ஏற்கெனவே குடியிருக்கிறது. தறி ஓடாத நாளிலும் அதே குரலில் அதைக் கேட்பதே அந்த அன்பைக் கற்றுக்கொள்வதாகும்.