காடு வளர்த்தோரும் கர்ம பலனும்

கர்மம் செய்வதில்தான் மனிதனுக்கு அதிகாரம், பலனில் இல்லை என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் உபதேசிப்பதை, பலன் எப்படிப் போனால் நமக்கென்ன என்று இருந்துவிடுவதற்குக் கிடைத்த அநுமதியாகவே நம்மவர் பலர் பாவித்து வந்திருக்கிறார்கள். குளம் தூர்ந்தாலும் மதில் சாய்ந்தாலும், ‘என் கடமையைச் செய்தேன், மற்றது ஈசன் சித்தம்’ என்று கைகழுவும் சோம்பலுக்கு வேதாந்தப் பூச்சுப் பூசிக்கொள்வது மிகவும் எளிது. பற்றின்மை வேறு, அக்கறையின்மை வேறு. இந்தப் பேதத்தைத் தர்க்கத்தால் நாட்டுவதைக் காட்டிலும், டோக்கியோ நகரின் நடுவே பொதுஜனங்கள் உலாவிவரும் ஒரு வனத்தைக் காட்டி விளக்குவது எனக்குச் சுலபமாகப் படுகிறது.

ஜப்பானியச் சக்கரவர்த்தி மெய்ஜி 1912-லும், பட்டமகிஷி ஷோகென் 1914-லும் காலமான பின்னர், அவர்களுக்கு ஆலயம் எழுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட யோயோகி என்னும் இடம், ஏறக்குறைய 70 ஹெக்டேர் பரப்புடையதாயினும், பெரும்பகுதி புல்லும் வயலும் சதுப்புமாகவே கிடந்தது. விருக்ஷங்கள் சூழாத சந்நிதியை ஷிண்டோ மதம் எண்ணிப் பார்ப்பதே அரிது. ஆகவே கோயிலோடு காட்டையும் சேர்த்தே உண்டாக்க வேண்டியதாயிற்று. அப்போது பிரதம மந்திரியாயிருந்த ஒகுமா ஷிகெனோபு, நிக்கோ என்னும் மலையூரில் இருப்பவை போன்ற, ஸுகி என்னும் வானளாவிய ஊசியிலை மரங்களே நிற்க வேண்டும், புதர் மண்டியதுபோன்ற காடு சக்கரவர்த்திக்கு ஏற்றதன்று என்று வற்புறுத்தினார். வனசாஸ்திரி ஹோண்டா செய்ரோக்குவும், அவரோடு உழைத்த ஹோங்கோ தாகானோரி, உவெஹாரா கெய்ஜி என்பவர்களும் இணங்கவில்லை. நிக்கோவில் செழிக்கும் ஸுகி டோக்கியோவின் மண்ணிலும் புகையிலும் நலிந்துபோகும் என்பதை, இரண்டு இடத்து மரங்களின் வளர்ச்சியையும் ஒப்பிட்டுக் காட்டியே மந்திரியின் மனத்தைத் திருப்பினார்கள்.

அவர்கள் வகுத்த திட்டம் 150 ஆண்டுகளை உத்தேசித்தது. உயர்ந்த பைன் மரங்களை மேல்தட்டாக நிறுத்தி, அவற்றின் கீழே ஹினோக்கி முதலிய ஊசியிலை மரங்களையும், அதற்கும் கீழே ஓக் வகைகள், கற்பூர மரம் போன்ற என்றும் பசிய அகன்ற இலை மரங்களையும் நட்டார்கள். பைன் மடிய ஹினோக்கி தலையெடுக்கும். ஹினோக்கி ஒடுங்க அகன்ற இலை மரங்கள் ஆட்சிக்கு வரும். பிறகு அவற்றின் விதைகள் தாமே விழுந்து முளைத்து, எவன் கையும் படாமல் காடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். தேசமெங்குமிருந்து சுமார் 1 லட்சம் மரங்கள், 365 வகைகளில், காணிக்கையாக வந்தன. ஏறத்தாழ 1,10,000 இளைஞர்கள் கூலியின்றி வந்து உழைத்தார்கள். 1920-ல் ஆலயப் பிரதிஷ்டை நடந்தது.

இத்தகைய காரியத்தைச் செய்தவர் பலனில் அலக்ஷியமானவராக இருந்திருக்க முடியுமா? சாலையை விரிவாக்குவதற்காக வெட்டப்பட இருந்த ஒரு முதிர்ந்த ஜின்கோ மரத்தை, தாம் திட்டமிட்ட ஹிபியா பூங்காவுக்குப் பெயர்த்து நடுவதாகவும், பட்டுப்போனால் தம் தலையைத் தருவதாகவும் முன்பொரு சமயம் சூளுரைத்தவர் இதே ஹோண்டா, அம்மரம் பிழைத்துக்கொண்டது. ஒரு மரத்துக்குத் தலையைப் பணயம் வைப்பவன் பலனை அணுவணுவாக விரும்புகிறவன். யோயோகியில் அவர் துறந்தது விருப்பத்தை அன்று, போகத்தை. திட்டக் காலத்தில் கால் பங்குகூடக் கழியாத 1952-ல் அவர் காலமானார். அதனினும் அரிய துறவு ஒன்றும் அங்கே நிகழ்ந்திருக்கிறது. போக்தாவாக இராமற்போவது எளிது, மரணமே அதைச் செய்துவிடும். கர்த்தாவாகவும் இராமற்போவதற்குத்தான் தவம் வேண்டும். அங்கே செல்பவன் அதை ஆதிகாலத்து வனமென்று எண்ணி, இயற்கையைப் புகழ்ந்துவிட்டுத் திரும்புகிறானென்றால், அவ்வேமாற்றமே சமைத்தவனுக்குப் பூரண வெற்றி.

திட்டம் வகுத்தவர்கள் பின்வந்தவர்களுக்கு விட்டுச்சென்ற கட்டளை, ஒன்றும் செய்யாதிருப்பது. பாதையில் உதிர்ந்த சருகை அகன்ற துடைப்பத்தால் கூட்டுகிறவர்கள் அதை எரிப்பதும் இல்லை, வெளியே கொண்டுபோவதும் இல்லை. மரங்களின் அடியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். தோட்டக்காரனின் கை சும்மா இராது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கஷ்டம் விளங்கும். 1945-ல் விமானத் தாக்குதலில் பிரதான ஆலயம் எரிந்தது, வனமோ பெரும்பாலும் நின்றது. 1958-ல் கோயிலை மீண்டும் கட்டினார்கள். செத்தவர்கள் இருப்பவர்களை 150 ஆண்டு கட்டிப்போடுவது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் கோடரி எப்போதும் இருப்பவன் கையில்தானே இருக்கிறது?

எனக்கு உறுத்துவது வேறொன்று. தம் ஊர் மரம் சந்நிதியில் நிற்க வேண்டுமென்ற பற்றினால்தான் பலர் மரம் அனுப்பியிருப்பார்கள். அவற்றில் கணிசமானவை, அடுத்த தலைமுறை மரங்களுக்கு எருவாகப் போவதற்கென்றே திட்டத்தில் இடம்பெற்றவை. அதை வாயிலில் பலகையில் எழுதி வைத்திருந்தால் 1 லட்சம் மரம் வந்திராது என்றே நினைக்கிறேன். பற்றற்ற ஒரு சிலரின் சங்கல்பத்துக்குப் பற்றுள்ள பல்லாயிரவரின் காணிக்கை வேண்டியிருந்தது. இதில் யார் யாருக்குக் கடன்பட்டவர்கள் என்பதைக் கீதைக்கு பாஷ்யம் எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.