ஆளில்லாத அழகு

பிரித்தானியப் பெருநிலத்தில் இருந்துகொண்டே அதன் சாலைகளோடு சேராத ஊர் இன்வரீ. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், நொய்டார்ட் தீபகற்பத்தில் இருக்கிறது. போக இரண்டே வழி. மாலேக் துறைமுகத்தில் படகேறலாம். இல்லையென்றால் நடக்கலாம்; கின்லாக் ஹோர்னில் தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து மலைவழியே சுமார் 25 கிலோமீட்டர். ஊருக்குள் சில கிலோமீட்டர் சாலையும் வண்டிகளும் உண்டு. அந்தச் சாலை வெளியே எங்கும் போவதில்லை.

நான் நடந்து போய்ப் படகில் திரும்பினேன். இப்படிப்பட்ட ஊர்களுக்கு நம்மை இழுப்பது எது என்று கேட்டால் பெரும்பாலோர் தனிமை என்பார்கள். மனித நடமாட்டமே இல்லாத மலை, நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடல், கேட்பாரற்ற மழை. அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கரையோரப் பாதையில் கூரையில்லாத கல்வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கியதும், இங்கே ஆளில்லாமல் போனது எப்படி என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பதில் வரலாற்றில் இருக்கிறது. 1840களில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பஞ்சம் வந்தது. குத்தகை பாக்கி ஏறியது. ஆட்கள் கொடுக்கிற குத்தகையைவிட ஆடுகள் தருகிற வருமானம் உறுதியானது என்று நில உடைமையாளர்கள் கணக்குப் போட்டார்கள். 1853இல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ‘சில்லரி’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். போக மறுத்தவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. இன்று நாம் இயற்கை என்று படம் எடுக்கிற வெறுமையில் பெரும்பங்கு அப்படி உண்டானது. அது கடவுள் விட்டுவைத்த இடமில்லை, மனிதர்கள் காலிசெய்வித்த இடம்.

நிலம் அதன் பிறகு செல்வர்கள் கை மாறிக்கொண்டே இருந்தது. 1948இல் உள்ளூர்க்காரர்கள் ஏழு பேர், பிழைப்புக்குத் துண்டு நிலம் வேண்டும் என்று பண்ணை நிலத்தில் முளையடித்துப் பிரித்துக்கொண்டார்கள். உடைமையாளர் நீதிமன்றம் போனார். அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டு கழித்து, 1999இல், நொய்டார்ட் அறக்கட்டளை என்ற ஊர் அமைப்பு, நன்கொடையும் பிற அமைப்புகளின் துணையும் திரட்டிச் சுமார் 17,000 ஏக்கரை விலைக்கே வாங்கியது.

வாங்கியவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. தேசிய மின்தொகுப்பு அந்த ஊருக்கு வருவதில்லை. ஓடைநீரில் மின்சாரம் எடுக்கிற பழைய நிலையத்தைச் சீர்படுத்தி அவர்களே நடத்துகிறார்கள். வெளியாள் கையில் இருந்த ‘ஓல்டு ஃபோர்ஜ்’ பப்பை 2022இல் பங்கு திரட்டி ஊர்ச்சொத்தாக்கினார்கள். குடியிருக்க வீடு, பிழைக்க வேலை, தொடக்கப்பள்ளிக்குப் பிள்ளைகள்: அவர்கள் கவலையெல்லாம் இவைதாம். வசிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். ஒரு குடும்பம் கிளம்பினாலும் ஊருக்கு அது தெரியும். நாம் ஆளில்லாத இடம் தேடி அங்கே போகிறோம். அங்கே இருப்பவர்களோ இன்னும் நாலு பேர் வரமாட்டார்களா என்று பாடுபடுகிறார்கள்.

படகுத்துறையில் பெட்டிகளும் எரிவாயு உருளைகளும் கைமாறி இறங்கிக்கொண்டிருந்தன. இங்கே தனியாக இருப்பது கஷ்டமில்லையா என்று ஒரு பெண்மணியிடம் கேட்டேன். “தனியாக இருக்க விட்டால்தானே!” என்று சிரித்தார். கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால் மாவும் மருந்தும் பக்கத்து வீட்டில்தான் கேட்டாக வேண்டும். பிடிக்காதவரிடமும் நாளைக்கு ஒரு கை உதவி தேவைப்படும். அதனால் சண்டையைக்கூட ஓரளவுக்கு மேல் வளர்க்க முடியாது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிற அந்த நெருக்கம் மூச்சுமுட்டவும் செய்யும். அதைச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

உண்மையில் யார் தயவும் இல்லாததுபோல வாழ இடம் தருவது நகரம்தான். பாலும் மருந்தும் வாசலுக்கு வந்துவிடும், கொண்டுவந்தவர் பெயர் தெரிய வேண்டியதில்லை. நம்மைத் தாங்குகிற கைகள் கண்ணில் படாததால், தாங்குவார் யாருமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த எண்ணம் தருகிற அலுப்பில் அமைதி தேடித் தூரமாய்ப் போகிறோம். மனிதர்களால் களைத்தோம் என்று காரணம் சொல்கிறோம். களைப்பு மனிதர்களாலா, பெயர் தெரியாத மனிதர்களாலா?

அமைதி வேண்டும் என்கிற ஆசையில் தவறில்லை. ஆனால் அக்கம்பக்கத்தாரைக் கழித்துக் கிடைக்கிற அமைதியை நொய்டார்டின் பழைய உடைமையாளர்கள் ஏற்கெனவே உண்டாக்கிப் பார்த்துவிட்டார்கள். மிஞ்சியது கூரையில்லாத சுவர்கள். இரண்டாவது வகை அமைதி, யாரிடம் போய் நிற்கலாம் என்று தெரிந்திருப்பதில் வருவது. அதற்குப் படகேற வேண்டியதில்லை. மாடிவீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதில் தொடங்கலாம்.