வந்தவருக்கு வக்காலத்து

நம் காஞ்சிப் பேருந்து நிலையத்தில் பட்டுச் சேலை வாங்க வரும் வெளியூரார் இறங்கியதுமே, கடைக்கு அழைத்துச் செல்ல நாலு புரோக்கர்கள் சூழ்ந்து கொள்வதை நாம் காண்கிறோம். ஆனால் கையில் ஒரு மனுவோடு, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் திகைத்து நிற்கும் வெளியூராரை ஏறிட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

நபித்துவத்திற்கு முன்பு, யமன் நாட்டு ஸபீதிலிருந்து ஒரு வியாபாரி மக்காவுக்குச் சரக்கு கொண்டு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்னும் பிரமுகர் சரக்கை வாங்கிக் கொண்டு கிரயத்தைக் கொடுக்க மறுத்தார். வந்தவருக்கு அங்கே கோத்திரம் இல்லை. அதுவே ஆஸின் துணிச்சலுக்குக் காரணம். வியாபாரி அபூ குபைஸ் மலைமீதேறி, கஃபாவைச் சுற்றி அமர்ந்திருந்த குறைஷியர் செவியில் விழுமாறு முறையிட்டார். நாயகத்தின் தந்தையாருடைய சகோதரர் ஸுபைர் எழுந்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் கூடியவர்கள், அநீதிக்குள்ளானவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும் அவருடைய உரிமை கிடைக்கும்வரை உடன் நிற்போம் என உடன்படிக்கை செய்தனர். பிறகு நேரே ஆஸிடம் சென்று சரக்கை மீட்டுத் தந்தனர். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். வாலிப வயதில் அதில் பங்கு கொண்ட கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், சிவந்த ஒட்டகங்களைத் தந்தாலும் அதை விட்டுக் கொடுக்க விரும்பேன் என்ற கருத்தில், நபித்துவத்திற்குப் பிறகும் அதைப் புகழ்ந்துரைத்தார்கள். சாதாரணக் கொடுக்கல் வாங்கல் வழக்குதானே அது என்று நாம் நினைத்து விடக்கூடாது.

அன்று கோத்திரம், இன்று காகிதம். 1983 கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்தோர்க்கு நம் மாநிலம் முகாமும் உணவும் தந்தது. காகிதம்? 1987 ஜூலை 1க்கு முன் குடியரசு இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் அயல்நாட்டு அகதிகளாயினும், சட்டப்படி இந்தியக் குடிமக்களே. ஆயினும் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் இந்தியரே என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கூறியது 2022இல். பிறந்த அன்றே இருந்த உரிமை, நீதிமன்றத்தில் நிலைபெற 36 ஆண்டுகள்!

அகதிகளே 1984இல், வழக்கறிஞர் சந்திரஹாசன் தலைமையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அமைத்தனர். முகாமில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று, குடியுரிமைப் பதிவு ஆகியவற்றைப் பெற்றுத் தருவது அதன் பணிகளில் ஒன்று.

வக்கீல், வக்காலத்து என்பன நம் அரபிச் சொற்கள்தாம். ஃபிக்ஹு நூல்களில் வகாலா என்று தனிப் பாடமே உண்டு. ஓதுகிறோம், வெளியூரார்க்காக ஒரு தடவையாவது செய்திருக்கிறோமா?

ஜகாத்தில் வக்கீல் கட்டணம் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். ஹனஃபி மத்ஹபின்படி ஜகாத்தை ஏழை முஸ்லிமுக்கு உடைமையாக்க வேண்டும். ஆகவே பணத்தை அவர் கையிலேயே கொடுங்கள். கட்டணத்தை அவர் கட்டட்டும். பிற மதத்தவர்க்கு உபரியான ஸதகாவிலிருந்து கொடுக்கலாம்.

பெரும்பாலும் செலவே வராது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், ஆலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பிழைக்க வந்துள்ள பீகார், ஒடிஸா சகோதரர்களில் பலருக்கு இதைச் சொல்வாரில்லை.

ஜும்ஆவுக்குப் பின் பள்ளி முற்றத்தில் ஒரு மேசை போதும். ஹிந்தியோ உர்தூவோ பேசத் தெரிந்தவர்களும், திருத்தமாக மனு எழுதக் கூடியவர்களும் வருகிற வெள்ளிக்கிழமையே முத்தவல்லியிடம் பெயர் கொடுக்கலாம்.