மூடிய கதவும் மூடிய செவியும்

மனிதன் வகுத்துக்கொண்ட வழிகள் பல. தன் வழியில் தனியே செல்வோனுக்கு அறம் எளிது. அங்கே எதிர்ப்படுவாரும் இலர், விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. இரண்டு வழிகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்திலேதான், யார் நிற்பது, யார் செல்வது என்னும் வினா பிறக்கின்றது. ஆதலின் வழிகள் கூடும் இடமே ஒரு சமுதாயத்தின் பண்பை உரைத்துப் பார்க்கும் உரைகல் எனலாம். சாலை இருப்புப்பாதையைக் கடக்கும் இடமாகிய கடவை, நாம் அன்றாட வழக்கில் 'ரயில்வே கேட்' என்று சொல்லும் இடம், அத்தகைய உரைகல்களுள் ஒன்று.

அங்கே நாள்தோறும் நிகழ்வதை நாம் அறிவோம். மணி ஒலிக்கிறது, கதவுத்தண்டு இறங்குகிறது. இறங்கி முடியும் முன்னரே இரு சக்கர வண்டிகள் சில சாய்ந்து நுழைந்து அப்பால் செல்கின்றன. தண்டு இறங்கிய பின்னரும் குனிந்து செல்வோர் உளர். அவர்களுள் கல்வியறிவு அற்றோர் மட்டும் இலர். பட்டம் பெற்றோரும், அலுவலகப் பையைத் தோளில் மாட்டியவரும், குழந்தையைக் கையில் பிடித்த தாயும் உளர். இக்காலத்தில் மற்றுமொரு காட்சியும் சேர்ந்துள்ளது. இளைஞர் ஒருவர் இரு காதுகளிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு, தமக்கு மட்டும் கேட்கும் இசையில் தோய்ந்தவராய்த் தண்டவாளத்தின்மேல் நடந்து செல்கிறார். கேட்டால், "உயிர் என்னுடையது, இடர் வந்தால் எனக்குத்தானே?" என்கின்றனர். இந்த விடை சரியானதா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் பொருள்.

இரும்பின் இயல்பு

முதலில் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் தொடர்வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கின்றது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. அதனாலேயே பெருஞ்சுமையைச் சிறு ஆற்றலால் இழுக்க முடிகின்றது. அந்த நன்மையே நிறுத்தும்போது இடையூறாகின்றது. ஓட்டுநர் முழு வலிமையுடன் பிரேக்கை இட்டாலும் வண்டி பல நூறு மீட்டர் சென்றே நிற்கும். வேகமும் சுமையும் மிகுந்தால் ஒரு கிலோமீட்டர் வரையிலும் செல்லும். பேருந்தோட்டி ஒதுங்கிச் செல்லலாம். தொடர்வண்டி ஓட்டுநர் ஒதுங்க இயலாது. அவர் செய்யக்கூடியவை இரண்டே: பிரேக்கை இடுதல், ஒலிப்பானை ஒலித்தல்.

நம் கண்ணும் இவ்விடத்தில் நம்மை ஏமாற்றுகின்றது. மிகப் பெரிய பொருள் தொலைவிலிருந்து நம்மை நோக்கி வரும்போது, அதன் உண்மை வேகத்தைக் காட்டிலும் மெல்ல வருவதாகவே தோன்றும். அமெரிக்க உளவியலறிஞர் லைபோவிட்ஸ் 1985-இல் கடவை விபத்துகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை விளக்கினார். விமானம் வானில் மிதப்பது போல் தோன்றுவதும் இதே மயக்கத்தால்தான். "தொலைவில்தானே வருகிறது, கடந்துவிடலாம்" என்று கணக்கிடுவோர் அனைவரும் இம்மயக்கத்திற்கு ஆட்பட்டவரே. கண் தவறும் இடத்தில் நமக்குத் துணையாக எஞ்சி நிற்பது செவி ஒன்றே.

கதவு யாருக்காக?

கதவு நம்மைத் தடுப்பதற்காக இடப்பட்டது என்று எண்ணுகிறோம். உண்மை வேறு. சமிக்ஞையுடன் பிணைக்கப்பட்ட கடவைகளில், கதவு மூடிப் பூட்டப்பட்டால் அன்றி வண்டிக்குப் பச்சை விளக்கு எரியாது. நாம் ஒருவர் பின் ஒருவராகப் புகுந்து கதவை மூடவிடாமல் செய்யும்போது, ஆயிரக்கணக்கான மக்களை ஏற்றிய வண்டி வெளியே காத்து நிற்கின்றது. மும்பைப் புறநகர்ப் பாதையில் திவா நிலையக் கடவையால் வண்டிகள் தாமதமாவது பல ஆண்டுகளாக நாளேடுகளில் இடம்பெற்ற செய்தி. ஒருவர் மிச்சப்படுத்தும் இரண்டு நிமிடங்கள் ஆயிரம் பேரிடமிருந்து எடுக்கப்பட்டவை. இங்கேயே, 'எனக்குத்தானே' என்னும் வாதத்தின் முதற்கால் முறிந்துவிடுகின்றது.

சட்டமும் இதனை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளது. மூடிய கதவைத் திறப்போர்க்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கின்றது. உடைப்போர்க்கு ஐந்தாண்டு வரை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. காவலர் இல்லாத கடவையை அடையும் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். உடனிருக்கும் நடத்துநரோ உதவியாளரோ முன்னே நடந்து சென்று, இருபுறமும் வண்டி வரவில்லை என்று உறுதி செய்தல் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையேல் ஓட்டுநரே இறங்கிச் சென்று பார்த்தல் வேண்டும். நின்று, இறங்கி, நோக்கிச் செல்வதையே சட்டம் கடமையாக வைத்துள்ளது.

செவியின் இடம்

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுக்கின்றது. தொடுவுணர்வில் தொடங்கி, சுவை, மோப்பம், பார்வை என ஏறிச் சென்று, ஐந்தாம் படியில் செவியை வைக்கின்றது. அதற்கு மேல் ஆறாவதாக நிற்பது மனம். கண்ணுக்கும் மேலாக, மனத்திற்கு அடுத்த வாயிலாகச் செவியை நம் முன்னோர் கண்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. கண்ணை நாம் திருப்பிய பக்கம் மட்டுமே காணலாம். செவியோ நாம் நோக்காத திசையிலிருந்தும் செய்தி கொணரும். உறங்குவோனையும் எழுப்புவது செவி. இமை கண்ணை மூடும். செவிக்கு இயற்கை மூடி வைக்கவில்லை. பிறர் நம்மை எந்நேரமும் அழைக்கக்கூடிய வாயில் அது.

இயற்கை வைக்காத மூடியை நாமே செய்துகொண்டோம். நடந்துகொண்டே இசை கேட்கும் 'வாக்மேன்' கருவி 1979-இல் சந்தைக்கு வந்தது. இன்றோ கம்பியும் இன்றிக் காதினுள் அடங்கும் கருவிகள், புற ஒலியை அடியோடு நீக்குவதையே தம் பெருமையாகச் சொல்லி விற்கப்படுகின்றன. மறுபுறம், மின்சார இஞ்சினாலும், பற்றவைத்து நீட்டிய தண்டவாளத்தாலும், பழைய வண்டியின் 'தடக் தடக்' ஓசை குறைந்துவிட்டது. வண்டி அமைதியாகிவரும் காலத்தில் மனிதன் செவிடாகிவருகிறான்.

இதன் விளைவை ஓர் ஆய்வு காட்டுகின்றது. காதில் ஒலிக்கருவி அணிந்து நடந்தோர் வாகனங்களால் மோதப்பட்ட 116 நிகழ்ச்சிகளை, 2004 முதல் 2011 வரை அமெரிக்காவில் திரட்டி ஆராய்ந்தனர். முடிவு 2012-இல் வெளியாயிற்று. பாதிக்கு மேற்பட்டவற்றில் மோதியது தொடர்வண்டி. பத்தில் ஏழு பங்கு உயிரிழப்பில் முடிந்தன. மூன்றில் இரண்டு பங்கினர் 30 வயதிற்குட்பட்டோர். நம் நெஞ்சைச் சுடுவது மற்றொரு செய்தி: பத்தில் ஏறத்தாழ மூன்று நிகழ்ச்சிகளில், மோதுமுன் எச்சரிக்கை ஒலி எழுப்பப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. ஒருவர் அழைத்தார்; அழைக்கப்பட்டவர் செவியை அடைத்திருந்தார்.

நம் நாட்டிலும் இதனினும் கொடியது நிகழ்ந்தது. உத்தரப் பிரதேசத்துக் குஷிநகர் மாவட்டத்தில் 2018 ஏப்ரல் 26 அன்று காவலர் இல்லாக் கடவை ஒன்றில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற வேன் தொடர்வண்டியால் மோதப்பட்டு 13 குழந்தைகள் மாண்டனர். வேன் ஓட்டுநர் காதில் இயர்போன் இருந்ததாகத் தெரிகிறது என்று மாநில முதலமைச்சரே அன்று கூறினார். கடவையில் நின்ற 'கேட் மித்ரா' என்னும் உதவியாளர் வேனை நிறுத்த முயன்றதாக ரயில்வே துறை தெரிவித்தது. அச்செய்திகள் மெய்யாயின், அங்கே அடைபட்டவை ஓட்டுநரின் இரு செவிகள் மட்டும் அல்ல; பின்னே அமர்ந்திருந்த குழந்தைகள் அனைவருக்கும் அவையே செவிகளாக இருந்தன.

பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதோர் தண்டவாளத்தை அணுகும்போது எத்துணை விழிப்புடன் இருபுறமும் நோக்குகின்றனர்! தமக்கு இல்லாததை அவர்கள் அறிவர். அதனால் கண்ணைக் காவலாக வைக்கின்றனர். இயர்போன் அணிந்தவரோ செவியை அடைத்துக்கொண்டு, அடைத்ததையும் மறந்துவிடுகிறார். திருக்குறளில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. மறவாமை என்பது அதன் பொருள். மகிழ்ச்சியில் மூழ்கித் தன்னையும் தன் கடமையையும் மறக்கும் சோர்வை அது கண்டிக்கின்றது. இசை தரும் மகிழ்ச்சி குற்றமன்று. கடவையில் அது தரும் மறதியே குற்றம்.

ஓட்டுநரின் உள்ளம்

இனி, நாம் நினைத்தே பாராத ஒருவரைப் பற்றிப் பேசுவோம். இஞ்சின் முகப்பில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் அவர். தண்டவாளத்தில் நடப்பவனை அவர் காண்கிறார், ஒலிப்பானை அழுத்துகிறார், அவன் திரும்பவில்லை, மீண்டும் அழுத்துகிறார். பிரேக்கை இட்டும் பயனில்லை என்பதை அறிந்தே இடுகிறார். எஞ்சிய வினாடிகளில் அவர் காண்பதை வாழ்நாள் முழுதும் மறக்க முடியாது. சட்டம் அவரைக் குற்றவாளி என்னாது. உள்ளம் அப்படி எளிதில் விடுதலை தருவதில்லை.

கன்றின்மேல் தேர் ஏறிய கதையை நாம் அறிவோம். கன்று தானே துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. ஆயினும் தேரூர்ந்தவன் பொறுப்பினின்று தப்பவில்லை என்று மனுநீதிச் சோழன் முடிவு செய்தான். ஓட்டுபவன் நெஞ்சில் தங்கும் பாரத்தின் எடையை அக்கதை உணர்த்துகின்றது. கன்றுக்கு அறிவில்லை, நமக்கு உண்டு. அறிவிருந்தும் ஒருவன் சக்கரத்தின் முன் சென்று நிற்பானாயின், குற்றமற்ற ஒருவரைத் தன்னைக் கொல்லும் கருவியாக்குகிறான். தன் உயிர் தன்னுடையது என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஓட்டுநரின் உறக்கம் அவனுடையது அன்று. இங்கே அவ்வாதத்தின் மறுகாலும் முறிகின்றது.

அக்கதையில் மற்றொரு நுட்பமும் உண்டு. அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியைக் கட்டியதன் கருத்து யாது? வாயில்லாப் பசுவும் மன்னன் செவியை அடைய வேண்டும் என்பதே. பிறர் ஒலி நம்மை எட்டுமாறு செவியைத் திறந்து வைத்தல் ஓர் அறம் என்று அம்மணி கூறுகின்றது. ஓட்டுநரின் ஒலிப்பானும் அத்தகைய மணியே. அதை அவர் அடிப்பது நமக்காக.

ஒரு தடையும் விடையும்

"மேம்பாலமும் சுரங்கப்பாதையும் இல்லாத இடத்தில் ஏழை என் செய்வான்? பாதி ஊர் இப்பாலும் பாதி ஊர் அப்பாலும் கிடக்கின்றதே!" என்று கேட்கலாம். இத்தடை நியாயமானது. அணு விஞ்ஞானி அனில் காகோட்கர் தலைமையிலான பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012-இல் அளித்த அறிக்கை, இருப்புப்பாதையைக் கடந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 15,000 பேர் மாள்கின்றனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 6,000 பேர் மும்பைப் புறநகர்ப் பாதையில் மாள்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. நாகரிகச் சமுதாயம் இதனைப் பொறுக்கலாகாது என்று இடித்துரைத்து, கடவைகள் அனைத்தையும் ஐந்தாண்டில் அகற்றுமாறு கூறியது. அகலப்பாதையில் காவலர் இல்லாக் கடவைகள் 2019 ஜனவரியில் முற்றிலும் ஒழிந்தன. காவலர் உள்ள கடவைகள் இன்னும் உள. காவலிருந்தும் தீங்கு நேரும் என்பதைக் கடலூரை அடுத்த செம்மங்குப்பம் 2025 ஜூலை 8 அன்று காட்டிற்று; மூடப்பட வேண்டிய கதவு மூடப்படாத அங்கே மூன்று மாணவர் உயிரிழந்தனர்.

ஆகவே அரசின் கடமையும் துறையின் கடமையும் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறர் கடமை தவறுதல் நம் கடமையைக் குறைப்பதில்லை, கூட்டுகின்றது. கதவு திறந்திருந்தாலும் நின்று நோக்குவோன், காவலரின் சோர்வையும் ஈடுசெய்கிறான். பாலம் கட்டப் பல ஆண்டும் பெரும்பொருளும் வேண்டும். காதிலிருந்து ஒரு கருவியை எடுக்க ஒரு நொடி போதும். அதற்கு எந்த அரசாணையும் வேண்டுவதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கிறோம். தீயின் அருகே செல்லாதே என்கிறோம். கடவையில் நிற்பதையும் அவ்வாறே கற்பித்தல் வேண்டும். பெற்றோர் குனிந்து புகும் கதவின் முன் பிள்ளை நிற்கக் கற்காது. கதவு மூடியிருக்கும்போது நிற்போம், திறந்திருக்கும்போதும் நோக்குவோம், தண்டவாளத்தை அணுகுமுன் செவியைத் திறப்போம். அந்த இரண்டு நிமிடங்களில் நாம் இழப்பது ஒரு பாட்டின் பாதி. காப்பது நம் உயிரையும், நம்மை அறியாத ஓர் ஓட்டுநரின் அமைதியையும்.