சாணமும் உரிமையும்

பயனற்றதெனக் கழிக்கப்பட்ட பொருளொன்று அறிவியலின் துணையாற் பயனுடையதாகும்போது அப்பயன் யாருக்குரியது? கழிவினின்று எரிபொருள் பெறும் முயற்சிகளைப் போற்றுவோர் பெரும்பாலும் கிடைக்கும் வாயுவின் அளவையே நோக்குவர், இவ்வினாவை எழுப்புவதில்லை. இந்தியக் கிராமங்களிற் சாணவாயுக் கலன்கள் புகுந்த வரலாறு இதனை ஆராய்வதற்குத் தக்க சான்றாகும்.

சாணத்திலுள்ள காபன் முன்னர் வளிமண்டலத்திற் காபனீரொட்சைட்டாக இருந்ததேயாகும். புல் அதனை ஒளித்தொகுப்பினாற் கவர்கிறது. பசு புல்லை மேய்கிறது. காற்றுப் புகாத கலனிலிட்ட சாணத்தை நுண்ணங்கிகள் படிப்படியாகச் சிதைக்க, அசற்றிக்கமிலம், ஐதரசன், காபனீரொட்சைட்டு முதலியன தோன்றுகின்றன. பின்னர் சில நுண்ணங்கிகள் அசற்றிக்கமிலத்தைப் பிளந்தும், வேறு சில காபனீரொட்சைட்டை ஐதரசனுடன் சேர்த்தும் மெதேனை ஆக்குகின்றன. பெறப்படும் வாயுவில் ஏறத்தாழ 60 வீதம் மெதேனாகும். சாணத்தை வறட்டியாக்கி எரித்தால் எரு அழியும், புகையும் சூழும். கலனிலிட்டாலோ எரிபொருளும் எருவும் ஒருங்கே கிடைக்கும். இதன் நன்மையை எவரும் மறுத்தற்கில்லை.

எனினும், 2 கன மீற்றர் வாயு தரும் குடும்பக் கலனொன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 50 கிலோகிராம் சாணம் வேண்டும். நான்கைந்து மாடுகளை உடையோர்க்கே இது கைகூடும். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இந்திய அரசு இக்கலன்களில் மிகுந்த அக்கறை கொண்டது; 1981இல் தேசியத் திட்டமொன்றும் தொடங்கிற்று. ஆனால், தெருவிலும் மேய்ச்சல் நிலத்திலும் விழுந்த சாணத்தைப் பொறுக்கி அடுப்பெரித்தவர்கள் நிலமும் மாடும் அற்ற ஏழைகளே. சாணம் மதிப்புப் பெற்றதும் உடையவர் அதனைத் தமக்கே சேர்த்துவைப்பர். ஏழையின் அடுப்பு அணையும். இவ்வாபத்தை 1970களிலேயே ஆய்வாளர் சிலர் சுட்டிக்காட்டினர்.

“மாடு என்னுடையது, ஆதலின் சாணமும் என்னுடையதே” என்பது உடையவர் வாதம். காபன் பொதுவான வளியினின்று வந்தது என்று இதனை மறுத்தல் போதாது. அவ்வாறாயின் உழவன் விளைத்த நெல்லும் பொதுவாகிவிடும். உழைப்பே உடைமைக்கு அடிப்படை என்று 17ஆம் நூற்றாண்டில் வாதிட்ட ஜோன் லொக், பொதுவிலிருந்து ஒருவன் தனதாக்கும்போது பிறர்க்கும் போதியளவு நல்லதாக எஞ்சவேண்டும் என்னும் வரையறையையும் விதித்தார். பொறுக்கியவளும் உழைத்தாள், அவளுக்கு எஞ்சியது யாது? உடையவர் வேண்டாமென விட்டதை நம்பியே அவள் வாழ்வு நெடுங்காலம் அமைந்தது. அவ்வழக்கை ஒருநாள் நிறுத்துதல் சட்டத்துக்கு முரணன்று. ஆயின், ஈடேதுமின்றி நிறுத்துதல் நீதியுமன்று. கிராமத்தின் மொத்த நன்மை கூடியதென்று கணக்கிடுவோர், ஒரு வீட்டின் நீலச்சுடரைக் காட்டி இன்னொரு வீட்டின் குளிர்ந்த அடுப்பை மறைக்கின்றனர்.

மாற்றுவழி இல்லாமலில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அமுல்ய குமார் ரெட்டியும் அவரோடு பணியாற்றியோரும் கர்நாடகத்தின் புரா கிராமத்திற் பொதுக்கலன் ஒன்றை இயக்கினர். அங்குச் சமையலுக்குப் போதிய வாயு கிடைக்கவில்லை. ஆதலின் 1987 முதல் வாயுவைக் கொண்டு மின்சாரம் பிறப்பித்து, கிராமத்துக்குக் குழாய்நீரும் விளக்கொளியும் வழங்கினர். சாணம் கொணர்ந்தோர்க்குச் சிறு கூலி கிடைத்தது; எருவும் திரும்பக் கொடுக்கப்பட்டது. அடுப்பின் சிக்கல் முற்றாகத் தீரவில்லையெனினும், பயன் மாடுடையோர்க்கு மட்டும் உரியதாகவில்லை.

ஆகவே, கழிவைச் செல்வமாக்கும் எத்தொழினுட்பமும், அது கழிவாயிருந்தபோது அதனால் வாழ்ந்தவர் யார் என்பதை முதலில் உசாவுதல் வேண்டும். அவர்தம் பங்கு பின்னர் இடப்படும் தருமமன்று. கலனுக்கு அத்திவாரம் வெட்டுமுன்னரே தீர்க்கப்பட வேண்டிய கடனாகும்.